ஒழுங்கைக்குப் போட்ட வாக்கு

எங்கள் வீட்டு முன்னால் போகிற ஒழுங்கையை இன்றைக்கும் வி.சி. றோட்டு என்றுதான் சொல்லுகிறோம். வி.சி. என்றால் பழைய கிராமச் சங்கம். அது ஒழிந்து நாற்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது. பிறகு மாவட்ட அபிவிருத்திச் சபை வந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரதேச சபை வந்தது. ஊர் வாயில் ஒழுங்கை இன்னும் வி.சி.க்காரருடையதுதான்.

ஒழுங்கைக்கு என்று கேட்கிற உள்ளூராட்சி வாக்கை யாழ்ப்பாணத்தார் ஒழுங்கைக்காகப் போட்டதை நான் அதிகம் காணவில்லை. 1981 ஜூன் 4இல் மாவட்ட சபைத் தேர்தல். மூன்று நாளைக்கு முந்தி யாழ் நூலகம் எரிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தின் பத்து இடங்களும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்குப் போயின. கான் அடைபட்ட கதையை அந்தக் கிழமை யார் கதைத்தது?

நான் வாத்தியார். தேர்தல் கடமைக்கு வாத்திமாரைத்தான் முதலில் பிடிப்பார்கள். என் முதல் கடமை 1983 மே 18, நாடு முழுக்க நடந்த உள்ளூராட்சித் தேர்தல். புலிகள் இயக்கம் பகிஷ்கரிக்கச் சொல்லியிருந்தது; ஏப்ரலில் வேட்பாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க வாசலைப் பார்த்தபடி இருந்தோம். கட்டுக் குலையாத வாக்குச்சீட்டை அப்படியே திருப்பிக் கட்டினோம். அன்றைக்குத்தான் கந்தர்மடத்தில் வாக்குச்சாவடிக் காவலில் நின்ற சிப்பாய் கொல்லப்பட்டு, சுற்றுவட்டார வீடுகள் கொளுத்தப்பட்டன. இரண்டு மாதத்தில் ஜூலைக் கலவரம்.

பிறகு 1998 ஜனவரியில்தான் உள்ளூராட்சிப் பெட்டி திரும்ப வந்தது. சரோஜினி யோகேஸ்வரன் யாழ்ப்பாண மேயரானார். மே 17இல் வீட்டிலேயே சுட்டார்கள். அடுத்து வந்த பொன். சிவபாலன் செப்டெம்பர் 11இல் குண்டுவெடிப்பில் போனார். குப்பை அள்ளுவிக்கிற பதவிக்கு ஒரே வருசத்தில் இரண்டு உயிர்.

என் கடைசிக் கடமை 2018 பெப்ரவரி 10, உள்ளூராட்சித் தேர்தல். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். புதுமுறையில் விருப்பு வாக்கு இல்லை. நூற்றுக்கு அறுபது பேர் வட்டாரத்தால், மிச்சம் பட்டியலால். நாலில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கீடு. நாடு முழுக்க நாலாயிரத்து ஐந்நூறு அளவில் இருந்த உறுப்பினர் தொகை எண்ணாயிரத்தைத் தாண்டியது. பெட்டியைக் கச்சேரிக்கு அனுப்பாமல் வகுப்பறையிலேயே சீட்டைக் கொட்டி எண்ணினோம். வீடு, சைக்கிள், வீணை என்று கட்சிச் சின்னப்படி மேசையில் அடுக்கிக்கொண்டிருக்க, ஒரு பொலிஸ்காரர் கைபேசியைப் பார்த்து, "சேர், அங்கால முழுக்க மொட்டு" என்றார்.

மொட்டுச் சின்னக் கட்சி தொடங்கி ஒன்றரை வருசம்கூட ஆகவில்லை. 340 சபையில் 231ஐ அள்ளியது. ஆட்சியிலிருந்த யானைச் சின்னக் கட்சிக்கு 34. கொழும்பில் இருந்தவர்கள் அதை ஊர்ச் சண்டை என்று தட்டிவிட்டார்கள் போலும். அடுத்த வருச நவம்பரில் ஜனாதிபதிப் பதவியே மொட்டுக்குப் போனது. 2020 பொதுத்தேர்தலில் யானை ஒரு மாவட்டத்திலும் ஒரு ஆசனமும் எடுக்கவில்லை. அந்த 2018இல் ஜே.வி.பி. ஒரு சபையைக்கூடப் பிடிக்கவில்லை. அதையும் மனதில் வைத்திருங்கள்.

புதுமுறையின் கூத்தைப் பார்க்க யாழ் மாநகர சபைக்கு வரவேண்டும். 45 கதிரை: வீட்டுக்கு 16, சைக்கிளுக்கு 13, வீணைக்கு 10. ஒருத்தருக்கும் பெரும்பான்மை இல்லை. மேயர் ஆர்னோல்ட் கொண்டுவந்த வரவுசெலவுத் திட்டம் இரண்டு தரம் தோற்க, பதவி போனது. 2020 டிசம்பர் கடைசியில் மணிவண்ணன் 21க்கு 20 என்று ஒரு வாக்கால் மேயரானார். எங்கள் ஆட்கள் கூட்டல் கழித்தல் நன்றாகப் படித்தது அந்தச் சபையில்தான்.

2023 மார்ச் 9இல் வைக்கவேண்டிய தேர்தலுக்குத் திறைசேரியில் காசில்லை என்றார்கள். வேட்புமனுக் கொடுத்த அரச ஊழியர்கள் சம்பளமும் இல்லாமல் வேலையும் இல்லாமல் அந்தரித்தார்கள். தள்ளிவைத்தது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. அதற்குள் அரசாங்கம் மாறும் நேரம் வந்துவிட்டது.

2025 மே 6இல் நான் வெறும் வாக்காளன். வெறுங்கையோடு நின்ற ஜே.வி.பி., திசைகாட்டியாக வந்து 260 சபைகளுக்கு மேல் முதலிடம் எடுத்தது. மொட்டுக்கு நூற்றுக்குப் பத்து வாக்கும் தேறவில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு முந்தி பாராளுமன்றத்துக்கு ஆறில் மூன்று ஆசனத்தைத் திசைகாட்டிக்குக் கொடுத்த யாழ்ப்பாணம், இந்த முறை வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பக்கத்து வீட்டு அக்கா காரணம் சொன்னார்: "பார்லிமெண்டுக்கு ஒண்டு தம்பி, ஒழுங்கைக்கு ஒண்டு." உண்மையிலேயே ஒழுங்கைக்குத்தான் போட்டாரா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய முறை வந்துவிட்டது.