பழைய கூரையில் மின்சாரம் பிறந்த கதை

வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் டெலிபோனுக்கு வைத்த உலர் பேட்டரிகள் சீக்கிரமே கெட்டுப்போய்க்கொண்டிருந்தன. மின்கம்பி எட்டாத இடங்களில் அதற்கு மாற்று என்ன என்று தேடும் வேலை, 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டாரில் சாப்பின் என்பவரிடம் வந்தது. இன்று நம் மொட்டைமாடிகளில் நீலமாக மின்னும் சோலார் தகடு பிறந்தது அந்தத் தேடலில்தான். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளின் தொல்லைக்கு, அந்த நாடுகளில் குறைவில்லாமல் கிடைக்கும் வெயிலே மருந்தானது என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

சாப்பின் முதலில் செலினியத்தை எடுத்துப் பார்த்தார். விழுந்த வெயிலில் நூற்றில் ஒரு பங்குகூட மின்சாரமாகவில்லை. அதே ஆய்வுக்கூடத்தின் ஜெரால்ட் பியர்சன், சிலிக்கானை முயன்று பாருங்கள் என்றார். கால்வின் ஃபுல்லர், ஆர்செனிக் கலந்த சிலிக்கான் வில்லையின் மேல்பரப்பில் போரானை மெல்லிய படலமாக ஊடுருவச் செய்தார். இந்த இரண்டு அடுக்கும் சந்திக்கிற எல்லையில் ஒரு மின்புலம் உண்டாகிறது. வெயில் பட்டு விடுபடும் எலக்ட்ரான்களை அது ஒரே பக்கமாகத் தள்ளுகிறது. கம்பியை இணைத்தால் மின்சாரம் ஓடும். எரிவதும் இல்லை, சுழல்வதும் இல்லை, தேய்வதும் இல்லை. 1954 ஏப்ரல் 25 அன்று இந்தத் தகட்டை வைத்து ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுற்றவிட்டுக் காட்டினார்கள். அப்போது அதன் திறன் சுமார் 6 சதவீதம். விலைதான் மிரட்டியது. ஒரு சாதாரண வீட்டுக்கு இதில் மின்சாரம் தர 14 லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்று சாப்பினே 1956-இல் கணக்குப் போட்டார். அதனால் அது முதலில் விண்வெளிக்குப் போனது. 1958-இல் ஏவிய வேன்கார்ட்-1 செயற்கைக்கோள் அந்தத் தகடுகளோடுதான் பறந்தது.

ஆனால் கூரைக்கு வந்த கதை இதற்கும் பழையது. செலினியத்தின் மேல் மெல்லிய பொன்படலம் பூசி 1883-இல் மின்கலம் செய்த சார்லஸ் ஃபிரிட்ஸ், மறு ஆண்டே நியூயார்க்கில் ஒரு கட்டடத்தின் உச்சியில் அவற்றை வரிசையாக நிறுத்தினார். ஆக, சூரிய மின்சாரம் முதன்முதலாகக் குடியேறிய இடமே ஒரு நகரத்துக் கூரைதான்.

புதுக் கட்டடம் என்றால் வேலை சுலபம். பழைய கட்டடத்தில்தான் சிக்கல். சென்னை, புதுச்சேரிப் பக்கத்துப் பழைய பங்களாக்களையும் அவற்றில் நடக்கும் ஹோட்டல்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பது பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் குத்தாக அடுக்கிய செங்கல், சுண்ணாம்புக் கலவை, அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடித்து இறுக்கிய தளம், கடைசியாகத் தட்டோடு. அதில் டிரில் போட்டு ஒரு போல்ட் இறக்கினால் போதும், அடுத்த ஐப்பசி மழைக்கு அந்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி உத்திரத்தைத் தொட்டுவிடும். உத்திரம் உளுத்தால் கூரையே போயிற்று. தகடும் தாங்கியும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிலோ வரை கனக்கும். துளையிடாமல் சிமென்ட் கட்டைகளைப் பாரமாக வைத்து நிறுத்தலாம். ஆனால் அந்தப் பாரத்தையும் சேர்த்து உத்திரம் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். காற்று தூக்கும் விசையையும் கணக்கில் எடுக்க வேண்டும். தகடு விற்க வருகிறவர் இதையெல்லாம் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது, நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வத்திக்கான் இதற்கு ஒரு நல்ல வழி காட்டியது. 2008-இல் அங்கே சுமார் 2,400 தகடுகளைப் பொருத்தியபோது புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தை யாரும் தொடவில்லை. பக்கத்தில் பியர் லூயிஜி நெர்வி வடிவமைத்து 1971-இல் திறந்த ஆறாம் பவுல் அரங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் கூரையில் பழுதுபட்டு மாற்றவேண்டியிருந்த கான்கிரீட் பலகைகள் இருந்த இடத்தில் தகடுகள் ஏறின. கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி வேறு வழியில் போனது. ஐநூறு ஆண்டுப் பழமையான தன் தேவாலயத்தின் கூரையிலேயே 2023-இல் 438 தகடுகளை ஏற்றியது. ஈயத் தகட்டுக் கூரையை எப்படியும் புதுப்பிக்க வேண்டிய நேரம் அது. ஆனாலும் எதிர்ப்பும் விவாதமும் இல்லாமல் நடக்கவில்லை.

நம் ஊர் உதாரணம் சென்னை சென்ட்ரல். 1873-இல் ஜார்ஜ் ஹார்டிங்கின் வடிவமைப்பில் எழுந்து, பிறகு ராபர்ட் சிஷோம் கைபட்டு விரிந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தை இன்று எதிர்ப்புறம் நின்று பார்த்தாலும் மணிக்கூண்டும் வளைவுகளும் அப்படியேதான் தெரியும். 1.5 மெகாவாட் தகடுகள் நடைமேடைக் கூரைகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. தன் பகல்நேரத் தேவை முழுவதையும் சூரியனிடமே பெறும் நிலையமாக 2021-இல் அது அறிவிக்கப்பட்டது. நம் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அந்தக் கணக்கில் வானம் தெளிந்த நாளில் அங்கே ஏறக்குறைய 6,000 யூனிட் விளையும். ராத்திரிக்கு மின்வாரியம்தான். அதை மறைக்காமல் ‘பகல்நேரத் தேவை’ என்றே சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது.

சென்ட்ரலில் ரயில்வே செய்ததைத்தான் நான் படவேட்டில் பார்க்க ஆசைப்படுகிறேன். ஜவ்வாது மலையடிவாரத்தில் கிடக்கும் இந்த ஊர் ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகரம். மண்மூடிக் கிடந்த கோயில்களைத் தோண்டி எடுத்து, கல்லுக்குக் கல் சேர்த்துப் புதுப்பித்த ஊர். அந்த விமானங்களின் மேலோ கல்மண்டபத் தளத்தின் மேலோ ஒரு போல்ட்கூட இறங்கக் கூடாது. அதே சமயம் ரேணுகாம்பாள் கோயிலில் ஆடி வெள்ளிக்குக் கூடும் கூட்டத்துக்கு விளக்கும் மின்விசிறியும் தண்ணீர் மோட்டாரும் வேண்டும். தங்கும் விடுதிகளுக்கும் வேண்டும். மின்சாரம் அதிகம் தேவைப்படும் நேரத்தில் பெரும்பகுதி பகல்தான்.

சூரிய மின்சாரம் இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதும் அல்ல. 2011-இல் தொடங்கிய முதலமைச்சரின் பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீட்டுக்கு ஐந்து சோலார் விளக்குகள் கொடுத்தார்கள்: படுக்கையறை, கூடம், சமையலறை, கழிவறை, வராந்தா என்று இடத்துக்கு ஒன்று. ஏழை வீட்டுக் கூரையில் முடிந்தது, லாட்ஜின் கூரையில் முடியாதா?

ஊரில் இடம் பார்க்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். தகடு தெற்கு பார்த்து, 12, 13 டிகிரி சாய்வில் இருந்தால் நல்லது. மேற்கே மலை நிற்பதால் சாயங்கால வெயில் சீக்கிரம் போய்விடும், அதனால் காலை வெயிலைத் தடுக்கும் மரமோ தண்ணீர்த் தொட்டியோ கிழக்கில் இருக்கக் கூடாது. ஒரு தகட்டின் மூலையில் நிழல் விழுந்தாலும் அதோடு தொடராக இணைத்த வரிசையின் விளைச்சல் குறையும்.

வீடுகளுக்கு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மத்திய அரசு மானியம் தருகிறது. கோயிலுக்கும் விடுதிக்கும் அது பொருந்தாது, அவர்கள் மின்கட்டண மிச்சத்தில்தான் போட்ட பணத்தை மீட்க வேண்டும். ஆகவே, கோயில் நிர்வாகத்தாரும் விடுதிக்காரர்களும் உபயதாரர்களும் முதலில் கணக்கெடுக்க வேண்டியது பக்தர்களுக்காகப் பிற்காலத்தில் எழுந்த கட்டடங்களின் கூரைகளைத்தான்: அன்னதானக் கூடம், வாகனம் நிறுத்தும் கொட்டகை, தங்கும் அறைகள். ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து வந்து அவற்றைக் காட்டுங்கள். தகட்டுக்கு விலை கேட்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.