காத்திவாக்கம்: சுவருக்கு உள்ளே ஒரு ஊர், வெளியே ஒரு ஊர்

இன்னிக்கு மருந்து மாத்திரை பற்றி இல்லை, கொஞ்சம் வரலாறு. கடைசியில் மருத்துவத்துக்குத்தான் வந்து சேரும். நீளமான இழை, டீ போட்டு வெச்சுக்கிட்டு படிங்க.

மெட்ரோவில் வடக்கே கடைசி வரை போனால் விம்கோ நகர் வரும். இந்த "விம்கோ" யாருன்னு யோசிச்சிருக்கீங்களா? தலைவர் பெயரும் இல்லை, சாமி பெயரும் இல்லை. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனம் 1923-இல் இந்தியாவில் தொடங்கியது. திருவொற்றியூரில் அதற்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. கம்பெனி பெயர் நகருக்கு வந்து, அங்கிருந்து ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய், 2021-இல் மெட்ரோவிலும் ஏறிவிட்டது.

மின்சார ரயிலில் விம்கோ நகருக்கு அடுத்த ஸ்டேஷன் காத்திவாக்கம், அதற்கடுத்து எண்ணூர். நான் சொல்ல வந்தது இந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் இருக்கிற மண்ணைப் பற்றி. ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம்.

வெள்ளைக்காரர்களுக்கு எண்ணூர் பிக்னிக் ஸ்பாட். உண்மைதாங்க. கழியில் படகு விடவும் காற்று வாங்கவும் வருவார்கள், பங்களாக்கள் கட்டிக் கொண்டார்கள். 1806-இல் பாசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டினார். அதுதான் பிறகு வடக்கிலும் தெற்கிலும் நீண்டு பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. உப்பும் விறகும் படகில் நகரத்துக்குப் போயின. கரையில் மீனவர் குப்பங்கள். ஆற்றில் யார் எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை முறை வைத்துப் பிரித்துக் கொள்ளும் "பாடு" வழக்கம் இன்றைக்கும் இந்தப் பக்கம் உண்டு. இருளர்கள் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிப்பார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லாம் வேகமாக மாறியது. 1948-இல் ரகுநந்தன் சரண் தன் மகன் அசோக்கின் பெயரில் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி வெளியே அனுப்பினார்கள். 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதன் பின் உரம், வார்ப்பு இரும்பு என்று வரிசையாக வந்தன. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓட ஆரம்பித்தது. 1975-க்குள் ஐந்து யூனிட், மொத்தம் 450 மெகாவாட்.

ஆலை வந்தால் கூடவே குவார்ட்டர்ஸ் வரும். இந்த வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காக: கிரேடுக்கு ஏற்ற வீடு. சம்பளத்திலேயே வாடகை பிடித்தம். தண்ணீருக்கும் கரண்டுக்கும் கவலை இல்லை (மின்வாரியக் குடியிருப்பில் கரண்டு போனால் சிரிப்பார்கள்). சங்கு ஊதினால் ஷிப்ட். எந்த வீட்டு அப்பா நைட் ஷிப்ட், எந்த வீட்டில் பகலில் சத்தம் போடக்கூடாது என்று தெருப் பிள்ளைகளுக்கு அத்துப்படி. பல மாவட்டத்து ஆட்கள் ஒரே வரிசையில் குடியிருப்பார்கள். தீபாவளிப் பலகாரத்தில் மதுரையும் தஞ்சாவூரும் ஒரே தட்டில் வரும். நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள், இதையேதான் சொல்வார்கள்.

எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் மரியாதை உண்டு. பாதுகாப்பான குடிநீரும் மூடிய கழிவுநீர் வடிகாலும் பிழைக்க வைத்த குழந்தைகளின் எண்ணிக்கை, நாங்கள் ஊசி போட்டுக் காப்பாற்றியதைவிடக் குறைவாக இருக்காது.

ஆனால் வீடும் வேலையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தால் ஒரு ஆபத்து உண்டு. சிகாகோ பக்கத்தில் ரயில் பெட்டி செய்த ஜார்ஜ் புல்மன், 1880-களில் தொழிலாளர்களுக்காக அழகான ஊர் ஒன்றைக் கட்டினார். 1893-இல் பொருளாதாரம் படுத்தது. சம்பளத்தை வெட்டினார், வாடகையைக் குறைக்கவில்லை. முதலாளியும் வீட்டுக்காரரும் ஒரே ஆள், யாரிடம் போய் முறையிடுவது? 1894-இல் அமெரிக்க ரயில்வேயையே நிறுத்திய வேலைநிறுத்தம் அங்கிருந்துதான் கிளம்பியது. நம்ம ஊர் குவார்ட்டர்ஸ் அவ்வளவு கொடுமை கிடையாது. இருந்தாலும் ரிட்டயர்மென்ட் தேதி வந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். முப்பது வருஷம் தண்ணி ஊத்தி வளர்த்த மாமரம் அடுத்தவருக்கு.

சரி, இப்போ கணக்குப் பரீட்சை.

ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி தேவை. 450 மெகாவாட் நாள் முழுக்க முழு வீச்சில் ஓடினால் 1 கோடியே 8 லட்சம் யூனிட். அதற்கு ஏறக்குறைய 7,500 டன் நிலக்கரி. நம் நாட்டு நிலக்கரியில் 35 முதல் 40 சதவீதம் சாம்பல். ஆக, நாளொன்றுக்கு 2,600 டன்னுக்கு மேல் சாம்பல். பழைய நிலையங்கள் முழு வீச்சில் ஓடுவது அபூர்வம், அதனால் பாதி என்றே வைத்துக் கொள்ளுங்கள். அதுவும் நூறு லாரிக்கு மேல் வரும், தினமும். பெரும்பகுதியைக் கருவிகள் பிடித்துவிடும். பிடிபடாத பொடியில் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் இருக்கும், தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. அது மூக்கு முடியில் நிற்காது, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும்.

காற்று குவார்ட்டர்ஸ் காம்பவுண்ட் சுவரைப் பார்த்துத் திரும்பிப் போகாது. உள்ளே இருப்பவர் மூச்சுவிட்டதும் குப்பத்தில் இருப்பவர் மூச்சுவிட்டதும் ஒரே காற்றுதான். ஆனால் இரண்டு பேரும் டாக்டர் முன்னால் உட்காரும்போது ஒன்று போல உட்காருவதில்லை. இந்த இழையை நான் எழுதவே காரணம் அதுதான்.

1700-இல் இத்தாலியின் ராமஸ்ஸினி என்ற மருத்துவர், தொழிலாளர்களின் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தன் வீட்டு மலக்குழியை அவசர அவசரமாகச் சுத்தம் செய்த ஒரு தொழிலாளியிடம் பேச்சுக் கொடுத்ததில் தொடங்கிய ஆர்வம். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு "என்ன வேலை பார்க்கிறாய்?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்றார். தொழில்சார் மருத்துவமே அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. நம் நாட்டில் 1948-இல் வந்த தொழிற்சாலைகள் சட்டம் அதையே பிடித்துக் கொண்டது. சிலிக்கா தூசியால் வரும் சிலிக்கோசிஸ் போன்ற நோய்களைப் பட்டியல் போட்டு, தொழிற்சாலையில் வேலை பார்த்தவருக்கு இது வந்திருப்பதாக டாக்டர் கண்டால் தெரிவிக்க வேண்டும் என்றது. அதே வருஷம் வந்த ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் தொழிலாளிக்கு மருத்துவமனை, நோய்க்கால உதவித்தொகை, இழப்பீடு எல்லாம் கிடைத்தன.

அருமையான சட்டங்கள். ஆனால் இரண்டும் "தொழிலாளி" என்ற சொல்லில்தான் ஆரம்பித்தன.

ஆலையில் இருந்தவர் வந்தால் சர்வீஸ் புக், பழைய எக்ஸ்ரே, எந்தப் பிரிவில் எத்தனை வருஷம் என்று ஒரு ஃபைலே கூட வரும். குப்பத்து அம்மா வந்தால்? வேலை: மீன் விற்பது. அவ்வளவுதான். நாற்பது வருஷம் அந்தக் காற்றிலேயே இருந்தது எந்தக் கட்டத்திலும் ஏறாது. ஒரு தனி ஆளின் இருமலைக் காட்டி இது சாம்பலால்தான் வந்தது என்று எந்த நேர்மையான டாக்டரும் சத்தியம் செய்ய மாட்டார். விறகடுப்பு இருக்கலாம், பீடி இருக்கலாம், பழைய டிபி இருக்கலாம். பதிவே இல்லாவிட்டால் சந்தேகப்படக்கூட வழியில்லை.

2017 மார்ச் கடைசியில் அந்தப் பழைய நிலையத்தை மூடினார்கள். ஆயுசு முடிந்தது என்றார்கள், நியாயம்தான். வேலையில் இருந்தவர்களுக்கு வாரியத்தில் வேறு இடம் உண்டு. குப்பத்துக்கு வேறு ஊர் கிடையாது. மூடியதோடு புகையும் போகவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் 1990-களிலேயே வடசென்னை அனல்மின் நிலையம் வந்துவிட்டது, அதன் சாம்பல் குளத்துக்குப் பக்கத்திலேயே செப்பாக்கம் கிராமம். காத்திவாக்கம் நகராட்சியும் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து திருவொற்றியூர் மண்டலத்துக்குள் போய்விட்டது.

2023 டிசம்பர் 26 ராத்திரி ஞாபகம் இருக்கா? ஒரு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் நடுராத்திரி கண் எரிந்து, மூச்சு முட்டி வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அம்மோனியா ஈரத்தைத் தேடிப் போகும் வாயு, அதனால்தான் முதலில் கண்ணும் தொண்டையும் எரிகின்றன. ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நகர வேண்டும். ஆலைக்குள் இருப்பவர்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தரும் பாடம் இது. நாற்பது வருஷமாக ஷிப்ட் சங்கைக் கேட்டே நேரம் பார்த்த குப்பத்துக்கு, கசிந்தால் என்ன செய்வது என்ற பாடம் வந்து சேரவில்லை.

இப்போ டாக்டர் வேலைக்கு வருகிறேன். காத்திவாக்கம், எர்ணாவூர், எண்ணூர், அத்திப்பட்டு, மணலிப் பக்கம் வருஷக்கணக்கில் இருந்தவர்கள், இப்போது வீடு மாறிப் போயிருந்தாலும் சரி, இருமலுக்கோ மூச்சிரைப்புக்கோ டாக்டரிடம் போனால் இதையெல்லாம் நீங்களாகவே சொல்லுங்கள். எங்கே, எத்தனை வருஷம் இருந்தீர்கள். அடுப்பு விறகா, கேஸா. வீட்டில் யாராவது ஆலையில் இருந்தார்களா, அவர்களுடைய தூசி படிந்த யூனிஃபார்மை நீங்கள்தான் துவைத்தீர்களா. கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் உதறித் துவைக்கும்போது அந்தத் தூசி உங்கள் மூச்சில்தான் போகும்.

சளிப் பரிசோதனையில் டிபி இல்லை என்று வந்தும் இருமல் நிற்கவில்லையா? அதோடு விட்டுவிடாதீர்கள். ஸ்பைரோமெட்ரி என்று குழாயில் ஊதச் சொல்லும் ஒரு பரிசோதனை இருக்கிறது. வலிக்காது, ஸ்டான்லி மாதிரி பெரிய அரசு மருத்துவமனைகளில் உண்டு. சிலிக்கா தூசி பட்ட நுரையீரலில் டிபியும் எளிதாகத் தொற்றும், அதனால் ஒன்று இருந்தால் இன்னொன்று இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

ஓபி சீட்டில் முகவரிக்கு ஒரு வரிதான் விட்டிருக்கிறார்கள். அதன் பக்கத்தில் "எத்தனை வருஷமாக?" என்று பேனாவால் எழுதிக் கேட்பது என் வழக்கம். நான் கேட்கும் முன்னாலேயே நீங்கள் சொல்லிவிட்டால் என் வேலை பாதி முடிந்தது.