முடிவுக்குறி ஒன்றின் வரலாறு

ஒரு சொல் எங்கே முடிகின்றது என்பதை மனிதன் அறிவான். பொறியோ தானாக அறியாது. அதனைப் பொறிக்கு உணர்த்துதற்கு இரு வழிகள் உள. எழுத்துக்களின் தொகையை முன்னரே குறித்து வைத்தல் ஒன்று. ஈற்றில் ஓர் அடையாளம் இடுதல் மற்றொன்று. இவற்றுள் ஒன்றைத் தெரிந்ததன் விளைவே ஈண்டு ஆராயப்படுகின்றது.

1960களில் கேம்பிரிட்ஜில் மாட்டின் றிச்சாட்ஸ் வகுத்த பிசிபிஎல் மொழி முதல் வழியைக் கைக்கொண்டது. அதன் வழிவந்த பி மொழியை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஆக்கிய கென் தொம்சன் இரண்டாம் வழிக்கு மாறினார். 1970களின் தொடக்கத்தில் அங்கு டெனிஸ் றிச்சி உருவாக்கிய சி மொழியும் அம்முறையைப் பின்பற்றிப் பூச்சியப் பைற் ஒன்றை முடிவுக்குறியாக்கிற்று. தொகைக்கு ஒதுக்கும் சிற்றிடம் சரத்தின் நீளத்தை மட்டுப்படுத்தும் என்பதும், குறியிடுதலே எளிது என்பதும் இம்மாற்றத்தின் காரணங்கள் எனப் பின்னாளில் றிச்சி எழுதினார்.

ஆயின் முடிவுக்குறி சொல்லின் எல்லையைக் கூறுமேயன்றி, அதனை ஏற்கும் இடத்தின் அளவைக் கூறாது. அதனை நினைவிற் கொள்ளல் நிரலெழுதுவோன் கடனாயிற்று. சி மொழியின் 'கெற்ஸ்' என்னும் சார்போ வரி முடியும்வரை வாசிக்கும். இடத்தின் அளவை வினவாது.

இதன் விளைவு 1988 நவம்பர் 2ஆந் திகதி வெளிப்பட்டது. பயனாளர் விவரங்கூறும் 'பிங்கர்' என்னும் பணிநிரல், கெற்சைக் கொண்டு 512 பைற் இடத்தில் வினாவை ஏற்றுவந்தது. கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் றொபேட் மொறிஸ் விடுத்த 'புழு' அதற்கு 536 பைற்றுக்களை அனுப்பிற்று. மிகுந்தவை அயலிடத்திற் பரவி, நிரல் திரும்பிச் செல்லவேண்டிய முகவரியை மாற்றின. பொறி அந்நியன் கட்டளைக்குப் பணிந்தது. வேறு வழிகளாலும் பரவிய அப்புழு ஏறத்தாழ 6,000 கணினிகளைப் பீடித்ததென மதிப்பிடப்பட்டது.

இடத்தின் அளவையுங் கேட்டுப் பெறும் 'எவ்கெற்ஸ்' அப்பொழுதே வழக்கிலிருந்தது. அவ்வாறிருந்தும், நெடுநாள் வழக்கென்று கருதி, 1989ஆம் ஆண்டு நியமம் கெற்சுக்கு இடமளித்தது. 2011ஆம் ஆண்டு நியமமே அதனை நீக்கிற்று. தீங்கு வெளிப்பட்டபின்னும் இருபத்துமூன்று ஆண்டுகள் அது நிலைத்தது.

சிறு பொறிகளின் காலத்தில் வசதி கருதிச் செய்த தெரிவு வழக்கமாயிற்று. வழக்கமோ காரணம் மறைந்த பின்னரும் வாழ்ந்தது. சி மொழி பயிலும் மாணவர், பெறும் பொருளை நோக்குமுன் கொள்கலத்தை அளந்தறிவாராக.