மரபுரிமமும் அருவச் செயற்கூறும்: இந்திய எழுத்துக் குறியேற்றத்தின் ஒரு வாசிப்பு

ஆஸ்லோவில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 வழியாகவே இனக்குழுவும் மரபுரிமமும் நிரல்மொழிக்குள் நுழைந்தன. தாய் இனக்குழுவின் பண்புகளைச் சேய் பெறும். தாய் இசைந்த செயற்கூறுகளைத் தன் போக்கில் மாற்றியும் எழுதிக்கொள்ளும். 1989இல் வெளிவந்த சி++ 2.0 ஒரு படி மேலே சென்றது. அதில் தாய் பெயரை மட்டும் அறிவிக்கலாம்; செய்முறையை எழுதும் கடமை சேய்க்குரியது. இதுவே அருவச் செயற்கூறு.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் இந்திய எழுத்துமுறைகளும் ஒரு தாயின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. 1991இல் இந்தியத் தரமாக ஏற்கப்பட்ட இஸ்கி, பிராமி வழிவந்த எழுத்துமுறைகளுக்கு ஒரே அட்டவணையை வகுத்தது. அதன் 1988ஆம் ஆண்டு வடிவைப் பின்பற்றிய யூனிகோடு, ஒவ்வொன்றுக்கும் 128 இடங்களை ஒதுக்கியது. தேவநாகரிக் ககரத்தின் எண் 2325. தமிழ்க் ககரத்தின் எண் 2965. இடைவெளி 640, அதாவது ஐந்து தொகுதிகள். தேவநாகரி விராமத்துக்கும் தமிழ்ப் புள்ளிக்கும் இடையிலும் அதே 640தான்.

மராத்தியும் தமிழும் அருகருகே வழங்கும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் இதன் விளைவைக் காணலாம். 'பக்கா' என்னும் சொல்லுக்கு இரண்டிலும் குறி வரிசை ஒன்றே: பகரம், ககரம், விராமம், ககரம், ஆகாரக் குறி. தேவநாகரி இரு ககரங்களையும் கூட்டெழுத்தாகப் பிணைக்கிறது. தமிழ் புள்ளியிட்டுப் பிரித்து நிறுத்துகிறது. பெயர் ஒன்று, செய்முறை வேறு. அருவச் செயற்கூற்றின் இயல்பும் இதுவே.

ஆயினும் அந்தத் தாய் முற்றிலும் அருவமன்று. தேவநாகரியின் சாயல் அதில் உண்டு. தமிழ்த் தொகுதியில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று இடங்கள் வெறுமையாக இருப்பது அதனால்தான். மறுபுறம், திராவிட ஒலிக்கென றகரத்துக்கு நேரே தேவநாகரியில் வைத்த இடத்தை, 'இரண்டாவது' எனப் பொருள்படும் சொல்லின் வேற்றுமை வடிவை எழுத மராத்தி பயன்படுத்துகிறது. கொடை இருவழிப்பட்டது.

உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி தரும் டேஸ்16 முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்றது. இவ்விவாதம் பெரும்பாலும் இடங்களின் எண்ணிக்கையையே சுற்றுகிறது. வெற்றிடங்களால் தமிழுக்குக் கேடில்லை. தேவநாகரியின் செய்முறையைப் பொதுச் செய்முறையெனக் கொண்டு மென்பொருள் எழுதப்படும்போதே கேடு தொடங்குகிறது. தாய் எதை அறிவிக்கலாம், எதைச் சேயிடம் விடவேண்டும் என்பதே இங்கு ஆராயவேண்டிய வினா.