சுழல்விசிறி இதழமைப்பும் விமான ஓசையும்

புரொப்பெல்லர் என வழங்கும் சுழல்விசிறியின் இதழ்கள் காற்றை ஊடறுத்துச் சுழல்வதால் பிறக்கும் சப்தமே சுழல்விசிறி ஓசை எனப்படும். மதுரைக்குத் தெற்கே அவனியாபுரத்தை அடுத்த விமான நிலையத்தினின்று கிளம்பும் ஏ.டி.ஆர். விமானத்தின் முழக்கம், வைகைக்கு வடபால் பரவைக் கண்மாய்க்கரையில் நிற்பவர் செவிக்கு எட்டுமாயின், அதனை யந்திரத்தின் இரைச்சல் என்றே அவர் எண்ணுவார். ஆனால் அதன் பெரும்பகுதி விசிறி இதழ்களினால் விளைவதேயாகும்.

இதழின் பருமன் காற்றை விலக்குவதால் ஓர் ஓசையும், விமானத்தை இழுக்கும் பொருட்டு அது காற்றின்மீது செலுத்தும் விசையால் மற்றோர் ஓசையும் எழுகின்றன. இரண்டாவதன் கணிதத்தை ரஷ்ய விஞ்ஞானி குட்டின் 1936-இல் வகுத்தார். இவ்விரண்டும் இதழ்முனையின் வேகத்தைப் பொறுத்தே பெரிதும் அமைகின்றன. அவ்வேகம் ஒலியின் வேகத்தை, அதாவது நம் நாட்டு வெப்பநிலையில் விநாடிக்குச் சுமார் 350 மீட்டரை, நெருங்க நெருங்கச் சப்தம் அளவிறந்து பெருகும். இந்திய விமானப்படையினர் பயிற்சி பெற்ற ஹார்வர்ட் விமானத்தில், பல்லிணையின்றி யந்திரத்தோடு நேரே பிணைக்கப்பட்ட இரண்டிதழ் விசிறி நிமிஷத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் சுழன்று, முனைகள் ஒலிவேகத்தை எட்டும் நிலைக்கு வந்தமையாலேயே அதன் அலறல் பிரசித்தி பெற்றது.

1970-களின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்துக்கும் மதுரைக்கும் இடையே பறந்தது இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம். கான்பூரில் கட்டப்பெற்ற இவ்வகையின் முதல் விமானம் 1961-இல் பறந்தது. அதன் நான்கிதழ் விசிறி 3.66 மீட்டர் விட்டமுடையது. நிமிஷத்துக்குச் சுமார் 1,400 சுற்றில் முனைவேகம் விநாடிக்கு ஏறத்தாழ 270 மீட்டராகும். பிற்கால ஏ.டி.ஆர். 72-இன் ஆறிதழ் விசிறியோ 3.93 மீட்டர் விட்டமுடையதாயினும், 1,200 சுற்றே சுழல்வதால் அதன் முனைவேகம் 250 மீட்டருக்குள் அடங்குகிறது. இழுப்புவிசையை ஆறு இதழ்கள் பகிர்ந்துகொள்வதால் ஒவ்வொன்றின் பளுவும் குறைகிறது. அவை எழுப்பும் அலைகளும் ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடுகின்றன. இதழின் வடிவழகைக் காட்டிலும் மெதுவாகச் சுழற்றும் இந்த விவேகமே சப்தத்தை அதிகம் தணித்தது எனலாம்.

வடிவத்துக்கும் பங்கில்லாமலில்லை. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவின் நாசா நிறுவனம், அதிவேகத்திலும் ஓசை மிகாதிருக்க, அரிவாள்போல் பின்வளைந்த மெல்லிய இதழ்களை ஆராய்ந்தது. அம்முயற்சி 1987-ஆம் ஆண்டுக்குரிய காலியர் பரிசைப் பெற்றது. விசிறி பொருத்தப்படும் இடமும் முக்கியமே. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் சரஸ் விமானம் 2004 மே 29-இல் முதன்முதல் பறந்தது. அதில் விசிறிகள் பின்புறம் அமைந்தவை. அத்தகைய அமைப்பில், முன்னுள்ள பாகங்கள் கலக்கிவிட்ட காற்றோட்டத்தை இதழ்கள் ஒவ்வொரு சுற்றிலும் வெட்டிச் செல்ல நேர்வதால் ஓசை கூடும் இயல்புண்டு. ஆனால் பிரயாணிகளின் அறையில் அமைதி நிலவ அது துணைசெய்யும்.

இறக்கையிலேயே விசிறி பொருத்திய ஏ.டி.ஆர். போன்ற விமானங்களில் இதழ்கள் சுழலும் தளத்துக்கு நேராயுள்ள முன்வரிசைகளிலேயே சப்தம் மிகுதி. அமைதியை விரும்பும் பிரயாணி பின்வரிசையைத் தேர்ந்துகொள்வது நலம்.