வேகத் தாக்குதலும் நடுவர் பணியும் (அமெரிக்கக் கால்பந்து)

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு முயற்சி முடிந்ததும் தாக்கும் அணியினர் வட்டமாகக் கூடி அடுத்த உத்தியைப் பேசிக்கொள்வது நெடுநாள் வழக்கம். ஹடுல் எனப்படும் அந்தக் கூடலைக் கைவிட்டு, உடனே கோட்டில் வரிசைகட்டி, எதிரணி ஆள் மாற்றவோ மூச்சு வாங்கவோ இடம் தராமல் பந்தை ஸ்னாப் செய்வதே, அதாவது பின்னுக்குக் கொடுத்து அடுத்த முயற்சியைத் தொடங்குவதே, வேகத் தாக்குதல். ஓரிகன் பல்கலைக்கழகத்தில் 2009 முதல் 2012 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்த சிப் கெல்லியும், ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் கஸ் மல்ஸானும் இதை ஆட்டம் முழுவதற்குமான முறையாக வளர்த்தெடுத்தனர். அணி வேகம் கொண்டதும் ஒரு கேள்வி எழுந்தது: பந்தை எடுத்துவைக்கும் நடுவரும் அதே வேகத்துக்கு ஓட வேண்டுமா, அல்லது அணி நடுவருக்காகக் காத்திருக்க வேண்டுமா? நடுவர் பணி மாறியே ஆக வேண்டும். ஆனால் நடுவரின் கால்களை விரட்டிப் பயனில்லை. நடுவர் குழுவின் எண்ணிக்கை, பணிப்பங்கீடு, நிற்கும் இடம் ஆகியவைதான் மாற வேண்டும்.

இரண்டு முயற்சிகளுக்கு இடைப்பட்ட நொடிகள் பார்வையாளருக்கு ஓய்வாகத் தெரியலாம். நடுவருக்கு அது வேலை குவியும் நேரம். பந்து நின்ற இடத்தைக் குறிக்க வேண்டும். அது ஓரமாக நின்றிருந்தால் களத்தின் நடுப்பகுதியைக் குறிக்கும் ஹேஷ் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இரு பக்கமும் பதினொருவர்தானா என்று எண்ண வேண்டும். தாக்கும் அணிக்குத் தரப்படும் நான்கு முயற்சிகளில் இது எத்தனையாவது டவுன் என்பதை மறக்காமலிருக்க, விரல்களில் மாட்டிய ரப்பர் வளையத்தை ஒரு விரல் தள்ளி மாட்ட வேண்டும். 50 முதல் 79 வரை எண் அணிந்தவர், பந்தைப் பிடிக்கத் தகுதியுள்ளவர் நிற்கும் இடத்தில் நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும். தாக்கும் அணி ஆள் மாற்றியிருந்தால், தற்காக்கும் அணியும் பதிலுக்கு மாற்ற வாய்ப்புத் தர வேண்டும். அதுவரை ஒரு நடுவர் பந்தருகே நின்று ஸ்னாப்பைத் தடுப்பார். இவற்றில் எதையும் விட்டுவிட முடியாது. ஆனால் இவை எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்ய வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

கல்லூரி ஆட்டத்தில் இந்தச் சிக்கலின் வேர் 2008-இல் இருக்கிறது. அதற்கு முன், தலைமை நடுவர் பந்து ஆயத்தம் என்று சைகை காட்டிய பிறகுதான் அடுத்த ஸ்னாப்புக்கான 25 நொடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அவர் எப்போது சைகை காட்டுகிறாரோ, அதுவே ஆட்டத்தின் வேகம். குழுவுக்குக் குழு அது வேறுபட்டது. 2008-இல் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. 40 நொடிக் கடிகாரத்துக்கு மாறியது. முந்தைய முயற்சி முடிந்த கணமே கடிகாரம் ஓடும். பந்தை வைத்துவிட்டு நடுவர் விலகியதும் அணி ஸ்னாப் செய்யலாம். ஆட்டத்தை ஒரு சீராக்கும் நோக்கில் வந்த இந்த விதி, வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமையைப் பெருமளவு தாக்கும் அணியிடம் கொடுத்துவிட்டது. அதன் பிறகும் ஒரு நடுவர் மெதுவாக நடந்துவந்து பந்தை வைத்தால், விதி ஒருவருக்குத் தந்த உரிமையை அவர் தம் நடையால் திரும்பப் பெறுகிறார் என்றே பொருள்.

இந்த முரணுக்குக் கல்லூரி ஆட்டம் கண்ட தீர்வு எளியது: கூடுதலாக ஓர் ஆள். பிக் 12 கூட்டமைப்பு 2013-இல் எட்டாவது நடுவரைச் சோதித்துப் பார்த்தது. பிற கூட்டமைப்புகளும் அடுத்தடுத்து அவ்வழிக்கு வந்தன. சென்டர் ஜட்ஜ் என்று பெயர் பெற்ற அவர், தாக்கும் அணியின் பின்புறத்தில் தலைமை நடுவருக்கு எதிர்ப்பக்கம் நிற்பார். பந்தை வைப்பது அவர் பொறுப்பு என்பதால், முன்பு அதைச் செய்துவந்த அம்பயர் என்னும் நடுவர் தற்காப்பு வரிசையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியதில்லை. யாரும் கூடுதலாக மூச்சிரைக்கவில்லை. எந்தச் சரிபார்ப்பும் குறையவில்லை. நடுவர்கள் வேகத்துக்கு ஈடுகொடுப்பதா, துல்லியத்தைக் காப்பதா என்ற இருமுனை வாதம் பெரிதும் ஆள் பற்றாக்குறையால் வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தொழில்முறை லீகான என்.எஃப்.எல். வேறு வழியில் போனது. 1988 பருவத்தில் சாம் வைச் பயிற்சியளித்த சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி, ஹடுல் இல்லாத முறையை ஆட்டம் முழுவதும் கையாண்டது. 1989 ஜனவரியில் பஃபலோ பில்ஸ் அணிக்கு எதிரான, லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான ஏ.எஃப்.சி.யின் இறுதியாட்டம் தொடங்கச் சிறிது நேரமே இருக்கையில், அம்முறையைப் பயன்படுத்தினால் தண்டனை விழும் என்று லீக் எச்சரித்தது. பிற்பாடு அதே பஃபலோ, ஜிம் கெல்லியைக் குவார்ட்டர்பேக்காகக் கொண்டு அவ்வகை வேகத்தைத் தனதாக்கி, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குத் தொடர்ந்து நான்கு முறை சென்றது. சிப் கெல்லி 2013-இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்கு வந்தபோது, ஆட்டத்தின் வேகம் அணிகளின் கையில் இல்லை, நடுவர்கள் கையில்தான் இருக்கிறது என்ற கருத்தை லீகின் நடுவர் பிரிவுத் தலைவர் டீன் பிளாண்டினோ வெளியிட்டார். வேகத்தின் எல்லை எங்கே என்று எழுத்தில் வகுக்காமல் நடுவர் கையில் விட்டுவிட்டால், நேற்று அனுமதிக்கப்பட்டது இன்று குற்றமாகும். ஓர் அணி எதை நம்பிப் பயிற்சி செய்யும்?

வேகம் கூடினால் பிழை கூடும் என்பதே வலுவான மறுப்பு. 1990 அக்டோபர் 6 அன்று கொலராடோ, மிசூரி பல்கலைக்கழக அணிகள் ஆடிய ஆட்டம் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவதுண்டு. கடைசி நொடிகளில் கொலராடோவுக்குத் தவறுதலாக ஐந்தாவது டவுன் கிடைத்தது. அதில் புள்ளி எடுத்து 33–31 என வென்றது. நடந்ததைக் கூர்ந்து பார்த்தால் வேறு பாடம் கிடைக்கும். டவுன் பலகையை மாற்றத் தவறியது ஓட்டத்தின் நடுவில் அன்று. கொலராடோ டைம்-அவுட் கேட்டு ஆட்டம் நின்றிருந்தபோதுதான். அதன் பின் வந்த பரபரப்பு பிழையைக் கண்டுபிடிக்க இடம் தரவில்லை என்பது உண்மையே. ஆனால் பிழை பிறந்தது ஒருவர் மற்றவரைச் சரிபார்க்கும் ஒழுங்கு அறுந்த இடத்தில். நடுவர்களை மெதுவாக நடக்கச் சொல்வது அந்த ஒழுங்கைக் கொண்டுவந்துவிடாது. மேலும், ஒவ்வொரு பாதியின் இறுதி இரண்டு நிமிடங்களிலும் நடுவர்கள் விரைந்தே இயங்குகிறார்கள். அதை யாரும் குறைசொல்வதில்லை. அந்நேரத்தில் ஏற்கத்தக்க வேகம் முதல் கால்பகுதியில் ஆபத்தாகிவிடும் என்று வாதிடுவது கடினம்.

வீரர்களின் பாதுகாப்பு அடுத்த மறுப்பு. களைத்த தற்காப்பு வீரரை வெளியேற்ற முடியாமல் போவது காயத்துக்கு வழிவகுக்கும் என்ற கவலையை அலட்சியப்படுத்தக் கூடாது. 2014-இல் என்.சி.ஏ.ஏ. விதிக்குழு, கடிகாரத்தில் முதல் பத்து நொடிகள் கழியும்வரை ஸ்னாப் செய்யக் கூடாது என்று ஒரு விதியை முன்மொழிந்தது. அலபாமா பயிற்சியாளர் நிக் சேபனும் ஆர்க்கன்சா பயிற்சியாளர் பிரெட் பீலமாவும் ஆதரித்தனர், வேகத் தாக்குதல் பயிற்சியாளர்கள் கடுமையாக எதிர்த்தனர், முன்மொழிவு கைவிடப்பட்டது. அதன் முடிவு எதுவாயினும், வழி சரியானது. தற்காப்புக்குப் பத்து நொடி தேவையென்றால் அதை விதிநூலில் எழுதி, வாக்கெடுப்பில் வெல்ல வேண்டும். தற்காப்பு வீரர்கள் காயம்பட்டதுபோல் விழுந்து ஆட்டத்தை நிறுத்தும் வழக்கத்தையும் கல்லூரி ஆட்டம் 2025-இல் விதியாலேயே எதிர்கொண்டது: பந்து வைக்கப்பட்ட பிறகு மருத்துவக் குழு களமிறங்கினால், விழுந்த வீரரின் அணி ஒரு டைம்-அவுட்டை இழக்கும்.

நடுவரின் பாதுகாப்பும் இதில் சேரும். தற்காப்பு வரிசைக்குப் பின்னால் நின்ற அம்பயர்கள் அடிபட்டதால், 2010-இல் என்.எஃப்.எல். அவர்களைப் பெரும்பாலான நேரத்துக்குத் தாக்கும் அணியின் பின்புறம் நகர்த்தியது. பந்தை வைத்துவிட்டு அம்பயர் ஓடிச்சென்று தம் இடத்தில் நிற்கும்வரை ஸ்னாப் செய்ய முடியாமல் போனது; பெய்ட்டன் மேனிங்கின் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களிலேயே இதில் சிக்கியது. விதி பின்னர் சற்றுத் தளர்த்தப்பட்டது. இடம் மாற்றியது நியாயம். பந்தை வைக்கும் வேலையையும் சேர்த்து மாற்றாததே குறை.

பள்ளி ஆட்டங்களில் நிலைமை வேறு. 2019 முதல் அங்கும் 40 நொடிக் கடிகாரம் வந்துவிட்டது. நடுவர் குழுவோ பெரும்பாலும் ஐவர்தான். அங்கே பந்தை வைப்பவரேதான் வீரர்களை எண்ண வேண்டும், ஆள் மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். எட்டுப் பேர் கொண்ட கல்லூரிக் குழுவிடம் எதிர்பார்க்கும் வேகத்தை இவர்களிடம் கேட்பது நியாயமாகாது. கூடுதல் ஆள் தரப்படும்வரை, எண்ணி முடித்த பிறகே பந்தைவிட்டு விலகும் பள்ளி நடுவரின் பக்கமே விதியும் நியாயமும் இருக்கின்றன.