மாதவிலக்கும் தொடக்கநிலைக் கருச்சிதைவும்: கிராண்ட்பாஸ் உழைக்கும் மகளிரை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

1

பிறப்பும் இறப்பும் சமூக வரலாற்றாசிரியரின் கவனத்தைப் பெற்ற அளவுக்குப் பிறவாது போனவை பெறவில்லை. இலங்கையிலே 1867ஆம் ஆண்டு முதல் பிறப்பு, இறப்புகள் அரசாங்கத்தாற் பதிவு செய்யப்பட்டு வருகின்றன. ஆயினும் கருவுற்ற முதற் சில வாரங்களிற் சிதைந்துபோன கரு எந்தப் பதிவேட்டிலும் இடம்பெற்றதில்லை. அது பெரும்பாலும் 'நாள் தள்ளி வந்த மாதவிலக்கு' என்றே கொள்ளப்பட்டு, எவரது நினைவிலும் தங்காது கழிந்தது.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது எவ்வாறு என்ற வினா மருத்துவ நூலுக்கு மாத்திரம் உரியதுபோலத் தோன்றலாம். ஆனால், அவ்வினாவுக்கு விடை கூறும் தகுதி காலந்தோறும் யாரிடம் இருந்தது என்று நோக்குவோமாயின், அது சமூக வரலாற்றுக்கும் உரியதென்பது புலனாகும். பெண்ணின் சொந்த நாட்கணக்கு, மருத்துவிச்சியின் அனுபவம், ஆங்கிலேயராட்சியின் சட்டம், ஆய்வுகூடத்தின் பரிசோதனை என்பன ஒன்றன்பின் ஒன்றாக அத்தகுதிக்கு உரிமை கோரின. கொழும்பின் வடபுறத்தே உழைக்கும் மக்கள் செறிந்து வாழும் கிராண்ட்பாஸை மனத்திற் கொண்டு இம்மாற்றத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலில் மொழி தரும் சான்றை நோக்குவோம். கருவுற்றிருக்கும் பெண்ணைத் தமிழில் 'முழுகாமல் இருக்கிறாள்' என்பர். மாதவிலக்கு முடிந்ததும் தலைமுழுகுவது வழக்கமாகையால், முழுக்கு நிகழாமையே கருவின் முதல் அறிகுறியாயிற்று. இவ்வழக்கு நாட்கணக்கினை அடிப்படையாகக் கொண்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. குருதியின் நிறமோ அளவோ இங்கு அளவுகோலன்று. முழுகவேண்டிய நாள் எது, அது எத்தனை நாள் கடந்தது என்பதே அளவுகோல். அக்கணக்கு பெண்ணின் கையிலேயே இருந்தது.

தொல்காப்பியக் கற்பியலிலும் இத்தகைய கணக்கொன்று காணப்படுகின்றது. பூப்புத் தோன்றியதிலிருந்து பன்னிரு நாளும் தலைவன் தலைவியைப் பிரிந்து உறைதல் அறமாகாது என அந்நூல் விதிக்கும். அது கருத்தோன்றும் காலம் என உரையாசிரியர் விளக்குவர். முட்டை வெளிப்படுவது அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன்னரே என்பது 1920களில் ஜப்பானில் ஒகினோவும் ஒஸ்திரியாவில் கினோஸும் மேற்கொண்ட ஆய்வுகளின் பின்னரே தெளிவாயிற்று. அதனோடு ஒப்பிடுமிடத்துப் பழைய கணக்கு முழுமையானதன்று. எனினும், கருவுறுதலை நாட்களால் அளந்தறிய முயன்ற பழைமையான சிந்தனை அது என்பதில் ஐயமில்லை.

வடமொழி மருத்துவ மரபு, கரு நழுவுதலை இருவகைப்படுத்திற்று. நான்காம் மாதம் வரை நிகழ்வது 'கர்ப்பஸ்ராவம்'; உறுப்புகள் உறுதியடைந்தபின் ஐந்தாம், ஆறாம் மாதங்களில் நிகழ்வது 'கர்ப்பபாதம்'. முன்னது ஒழுகுதல், பின்னது விழுதல். கிரேக்க அறிஞரான அரிஸ்டோட்டிலும் முதல் ஏழு நாட்களுக்குள் அழிவதை ஒழுக்கு என்றும், நாற்பது நாள் வரையில் அழிவதைச் சிதைவு என்றும் வேறு பெயர்களாற் குறித்தார். ஒன்றையொன்று சாராத இவ்விரு மரபுகளும் தொடக்கநிலை இழப்பை 'ஒழுகுதல்' என்று கண்டமை தற்செயலானதன்று. கண்ணாற் காண்பதற்கு அது மாதவிலக்கைப் போன்றே இருந்தது. அதனாலேயே அதற்குத் தனிப்பெயர் தேவைப்பட்டது.

தமிழ் மருத்துவ மரபிலே மிகையான குருதிப்போக்கு 'பெரும்பாடு' எனப்பட்டது. நாள் தள்ளி மிகுதியாக வரும் குருதி, பெரும்பாடா கருவழிவா என்பதை ஊர் மருத்துவிச்சி சில கேள்விகளாலேயே தீர்மானிக்க வேண்டியிருந்தது. எத்தனை நாள் தள்ளியது, மசக்கை இருந்ததா, மார்பு கனத்ததா, கட்டி விழுந்ததா என்பனவே அவள் கேட்கக்கூடியனவாக இருந்தன. இன்றைய மருத்துவரும் இவற்றையே முதலிற் கேட்கின்றார். மரபுவழி மருத்துவிச்சியர் பலர் சாதியமைப்பின் கீழ்ப்படியில் வைக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தோராவர். அவர்களது கையறிவு ஏட்டிலேறாது போனமைக்கு இதுவும் ஒரு காரணமெனலாம்.

3

ஐரோப்பிய மகப்பேற்றியல் தமிழுக்கு வந்த வரலாறு யாழ்ப்பாணத்திலே தொடங்குகின்றது. 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவர் முயற்சியால் வெளிவந்த தமிழ் மருத்துவ நூல்களுள் மோன்செல் என்பாரின் மகப்பேற்று நூலைத் தழுவிய 1857ஆம் ஆண்டு நூலும் ஒன்றாகும். ஆயினும் அக்காலத்து ஐரோப்பிய மருத்துவரும் முதல் மூன்று மாதங்களிற் கருவை உறுதிசெய்ய வல்லவராயிருக்கவில்லை. கருவின் இதயத்துடிப்பைச் செவியாற் கேட்கும் முறையை 1821இல் பிரான்ஸில் கெர்கராடெக் அறிவித்திருந்தார். அதுவும் ஏறக்குறைய பாதிக் கர்ப்பகாலம் கழிந்த பின்னரே பயன்பட்டது. அதற்கு முற்பட்ட வாரங்களைப் பொறுத்தவரை மேனாட்டு மருத்துவரும் மானிப்பாய் மருத்துவிச்சியும் ஒரே நிலையில் நின்றனர். இருவரும் பெண்ணின் சொல்லையே நம்பவேண்டியிருந்தது.

இந்நிலையிலேயே சட்டம் குறுக்கிட்டது. மெக்கோலேயின் வரைவிலிருந்து உருவான 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையைப் பின்பற்றி, 1883இல் இலங்கைக்கும் ஒரு தண்டனைச் சட்டக்கோவை ஆக்கப்பட்டது. அதன் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு அன்றி, கருவுற்ற பெண்ணின் கருவை வேண்டுமென்றே சிதைப்போருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. வயிற்றிற் குழந்தை அசைவு தோன்றியபின் நிகழுமாயின் ஏழாண்டு வரை நீளும். தன் கருவைத் தானே சிதைக்கும் பெண்ணும் அப்பிரிவுள் அடங்குவாள்.

இலக்கண மாணவர் இங்கே ஒன்றைக் கவனித்தல் தகும். தமிழிற் 'கரு கலைதல்' வேறு. 'கருக் கலைத்தல்' வேறு. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ஒரு வல்லெழுத்து மிகுதலால் இயற்கை நிகழ்வும் மனிதச் செயலும் வேறாகின்றன. ஆனால் மருத்துவ மேசையில் இவ்விலக்கண வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. தானே கலைந்த கருவும் கலைக்கப்பட்ட கருவும் பல வேளைகளில் ஒரே வகையான குருதிப்போக்காகவே வெளிப்படும். முதல் வாரங்களில் அவை இரண்டும் நாள் தள்ளிய மாதவிலக்கிலிருந்தும் பிரித்தறிய முடியாதவை. 'கருவுற்ற பெண்' என்பதைக் குற்றத்தின் கூறாக வைத்த 1883ஆம் ஆண்டுச் சட்டம், அக்காலத்தில் எவராலும் தொடக்கத்தில் நிறுவ முடியாத ஒன்றை அறியக்கூடியதெனக் கருதிக்கொண்டது. நிறுவமுடியாத இடத்தில் ஐயம் நுழைந்தது. அந்த ஐயத்தின் சுமை பெண்மீதே வீழ்ந்தது.

4

கிராண்ட்பாஸ் என்ற பெயர் களனி ஆற்றின் பழைய கடவையைக் குறிப்பது. 1822இல் அங்கே படகுப்பாலம் அமைந்தது. 1895இல் விக்டோரியா பாலம் அதன் இடத்தைப் பெற்றது. 1875இல் கொழும்புத் துறைமுக அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டதைத் தொடர்ந்து நகரின் வடபகுதி உழைப்பாளர் குடியிருப்பாக விரிந்தது. தென்னிந்தியத் தமிழரும், முஸ்லிம்களும், சிங்களக் கிராமங்களிலிருந்து வந்தோரும் 'தோட்டங்கள்' எனப்படும் ஒடுங்கிய குடியிருப்புகளில் அடுத்தடுத்து வாழ்ந்தனர். பொதுக்குழாய், பொதுக் கழிப்பிடம், ஓரறை வீடு என்பனவே அவற்றின் இயல்பு.

இச்சூழல் நாம் மேலே குறித்த நாட்கணக்கை இருவகையாகப் பாதித்தது எனலாம். கிராமத்தில் முழுக்கு என்பது வீட்டுப் பெண்களுக்குள் அடங்கிய செய்தி. பொதுக்குழாயடியிலோ யார் முழுகினார், யார் முழுகவில்லை என்பது அயலார் அறியக்கூடியதாயிற்று. இது முதலாவது. சத்துக்குறைவும் கடும் உழைப்பும் மாதவிலக்கை ஒழுங்கற்றதாக்கக் கூடியவை. நாள் தவறுவதே வழக்கமான பெண்ணுக்குத் தள்ளிய நாள் எதையும் உறுதியாக உணர்த்தாது. இது இரண்டாவது. இவ்வாறு, அவளது உடலைப் பற்றிய செய்தி ஊருக்கு வெளிப்படையாகிய அதே வேளை, அவளுக்குத் தன் உடலே தெளிவற்றதாயிற்று. வறுமை உணவை மாத்திரமன்றித் தன்னைப் பற்றிய அறிவையும் பறிக்கின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கொழும்பில் 1879இல் டி சொய்சா மகப்பேற்று இல்லம் திறக்கப்பட்டது. ஆனால் மகப்பேற்று மனைகள் பிள்ளைப்பேற்றுக்காகவே எழுந்தவை. பேறாகாது முடிந்த சில வாரக் கருவுக்காகக் கூலித்தொழிலாளியின் மனைவி அங்குச் செல்வது அரிது. சென்றால் ஒருநாட் கூலி போகும், கேள்விகளும் எழும்.

இச்சுவரை உடைக்க முயன்றோருள் டொக்டர் மேரி இரத்தினம் முதன்மையானவர். கனடாவிற் பிறந்து, 1896இல் இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்த இவர், கொழும்பிலே பெண்களுக்கு மருத்துவஞ் செய்தார். உடல்நலக் கல்வி நூல்கள் எழுதினார், வாக்குரிமைக்காகப் போராடினார். 1937இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவானார். அதே ஆண்டிற் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை நிலையமொன்று தோன்றவும் காரணராயிருந்தார். பெண் தன் உடலின் காலக்கணக்கை அறிந்திருத்தல் நாணத்துக்குரியதன்று, அது பொதுநலக் கல்வியின் பகுதி என்ற கருத்தைக் கொழும்பிலே நிலைநாட்டியமை இவர் பணியின் வரலாற்று முக்கியத்துவமாகும்.

5

இருபதாம் நூற்றாண்டில் விடை கூறும் தகுதி ஆய்வுகூடத்துக்கு மாறிற்று. 1927இல் பெர்லினில் ஆச்சைம், சொன்டெக் ஆகிய இருவரும் பெண்ணின் சிறுநீரை எலிகளுக்கு ஏற்றிக் கருவை அறியும் முறையை வெளியிட்டனர். 1930களில் தென்னாபிரிக்கத் தவளை அவ்விடத்தைப் பெற்றது. 1960இல் ஸ்வீடனைச் சேர்ந்த வைட், கெம்செல் ஆகியோர் உயிர்ப்பிராணியின் உதவியின்றிச் சோதனைக்குழாயிலேயே அறியும் முறையைக் கண்டனர். சூல்வித்தகமாக வளரவிருக்கும் இழையம் சுரக்கும் ஓமோனைத் தேடுவதே இவையனைத்தின் அடிப்படை. 1972இல் அந்த ஓமோனை ஏனையவற்றிலிருந்து பிரித்து, மிகச் சிறிய அளவிலும் கண்டறியும் வழி பிறந்தது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பெண்கள் அச்சோதனையை வீட்டிலேயே செய்யத் தொடங்கினர்.

இதன் விளைவாகத் தெரியவந்த உண்மை வியப்புக்குரியது. அமெரிக்காவில் வில்கொக்ஸ் குழுவினர் 221 பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சோதித்து 1988இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் கண்டறிந்த 198 கருக்களில் 22 வீதமானவை, கருவுற்றமை மருத்துவ முறையில் அறியப்படுமுன்னரே அழிந்திருந்தன. பின்னர் அழிந்தவற்றையும் சேர்த்தால் மொத்த இழப்பு 31 வீதம். நாள் தவறாத, நல்ல உடல்நலமுள்ள பெண்களிடையே காணப்பட்ட நிலை இது. எனவே தொடக்கநிலைக் கருச்சிதைவு எவரது குற்றத்தின் விளைவுமன்று. மனித இனப்பெருக்கத்தின் பொதுவான நிகழ்வு. பெரும்பாலும் கருவின் நிறமூர்த்தக் கோளாறே அதற்குக் காரணமாகின்றது. பாரம் தூக்கியதும், படியேறியதும், கண்ணேறும் காரணமென மருமகளைப் பழிக்கும் வழக்கத்துக்கு இவ்வறிவின் முன் இடமில்லை.

அறியமுடியாமையே சட்டத்தில் வழியாகியதும் உண்டு. 1860ஆம் ஆண்டுச் சட்டக்கோவையை மரபுரிமையாகப் பெற்ற வங்காளதேசம், 1979இல் 'மாதவிலக்கை ஒழுங்குபடுத்தல்' என்ற சேவையைக் குடும்பநலத் திட்டத்திற் சேர்த்தது. நாள் தள்ளிய பெண் கருவுற்றாளா இல்லையா என உறுதிசெய்யாமலே செய்யப்படுவதால், அது சட்டம் கூறும் கருச்சிதைவாகாது என்பது அதன் நியாயம். இந்தியா 1971இல் தனிச்சட்டமே இயற்றிற்று. இலங்கையிலோ 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது கருச்சிதைவு பற்றிய தளர்வு கைவிடப்பட்டது. 1883ஆம் ஆண்டின் பிரிவே நிலைத்தது.

6

இன்றைய மருத்துவம் தரும் விடையைத் தொகுத்துக் கூறலாம். வழமையான நாளிலிருந்து ஒரு வாரமோ கூடவோ தள்ளி, வழமையிலும் மிகுதியாகவும் வலியோடும் கட்டிகளோடும் குருதி வருமாயின் கருச்சிதைவு எனச் சந்தேகிக்கலாம். மசக்கையும் மார்புக் கனமும் தோன்றிப் பின் திடீரென மறைந்திருப்பின் அச்சந்தேகம் வலுப்படும். எனினும் கருவுற்ற முதல் ஓரிரு வாரங்களில் கண்ணாற் பார்த்து எவராலும் வேறுபடுத்த இயலாது. இப்போது மருந்துக்கடைகளிற் கிடைக்கும் சிறுநீர்ச் சோதனைப் பட்டியே முதற்படி. கரு சிதைந்த பின்னரும் சில நாட்கள், சிலரிடம் இரண்டொரு வாரங்கள், அது கருவுற்றமையையே காட்டக்கூடும். ஐயமிருப்பின் இரு நாள் இடைவெளியிற் செய்யப்படும் குருதிப் பரிசோதனையும், மீயொலி வருடலும் தீர்ப்பளிக்கும்.

இவ்வேறுபாட்டை அறிவது சில வேளை உயிரைக் காப்பதாகும். கருப்பைக்கு வெளியே, பலோப்பியன் குழாயிலே கரு தங்குமாயின், அங்கும் முதலில் மாதவிலக்கைப் போன்ற சிறு குருதிக்கசிவே தோன்றலாம். அடிவயிற்றின் ஒருபுறத்தில் வலி, தோள் நுனியில் வலி, மயக்கம் என்பன அதன் எச்சரிக்கைகள். அது மாதவிலக்கென்று எண்ணிப் படுத்திருப்பவள் சில மணி நேரத்தில் உட்குருதிப் பெருக்கால் இறக்கக்கூடும். ஒரு மணி நேரத்துக்குள் துணி முற்றாக நனையும் போக்கும், காய்ச்சலும், துர்நாற்றமும் காணப்படினும் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

சட்டத்தின் அச்சம் உயிரைப் பறிப்பதும் இவ்விடத்திலேயே. இயல்பாகக் கரு கலைந்த பெண், தன்னைக் கலைத்தவளெனக் கருதிவிடுவரோ என்று அஞ்சித் தாமதிப்பாளாயின், தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள இடைவெளி அவளது உயிராகிவிடுகின்றது. இயல்பான சிதைவு குற்றமன்று. அதற்குச் சிகிச்சை பெறுவதும் குற்றமன்று. இதனைத் தோட்டந்தோறும் தமிழிலும் சிங்களத்திலும் எடுத்துரைத்தல் குடும்பநல உத்தியோகத்தரின் கடமை மாத்திரமன்று, பல்கலைக்கழகத்தாரின் கடமையுமாகும்.

வரலாற்றை நோக்குமிடத்து ஒன்று தெளிவாகின்றது. ஆய்வுகூடம் தோன்றும்வரை இவ்வினாவுக்கு நம்பத்தக்க விடை பெண்ணின் நாட்கணக்கு ஒன்றே. ஆய்வுகூடம் தோன்றிய பின்னரும், எந்நாளிற் சோதிப்பது என்பதை அக்கணக்கே தீர்மானிக்கின்றது. அதனை ஐயத்தோடு நோக்கிய சட்டமும், நாணத்தோடு மறைத்த சமூகமும், குலைத்துவிட்ட வறுமையும் ஒரே திசையிலேயே இயங்கின. கிராண்ட்பாஸின் ஓரறை வீட்டிற் சுவரிலே தொங்கும் நாட்காட்டியில் ஒரு பெண் அச்சமின்றித் தன் நாளைக் குறித்து வைக்கவும், அது தவறும்போது அச்சமின்றிக் கேட்கவும் இயலுகின்ற நிலையே இவ்வரலாறு வேண்டி நிற்கும் மாற்றமாகும்.